மேகத்துக்கு மூன்று எழுத்து

பாலக்கரையில் எங்கள் வாசகசாலைக் கரும்பலகையில் வாரம் ஒரு குறுக்கெழுத்துக் கட்டம் போடுவார்கள். ஞாயிறு மாலை யாராவது ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சாக்பீஸால் நிரப்ப வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. பிழையில்லாமல் முடித்தால் அடுத்த வாரக் கட்டத்தை அமைக்கும் உரிமை அவருக்கு. யாரும் முடிப்பதில்லை. அதனால் அந்த உரிமை ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவரிடமே தங்கிவிட்டது. விதிகளும் அவர் செய்தவைதான். அறுபதுகளின் தொடக்கம் அது. பி.ஏ. படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த உரிமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு நான் முழுவதும் நிரப்பினேன். 'மேகம், மூன்றெழுத்து' என்ற குறிப்புக்குப் 'புயல்' என்று எழுதினேன். அவர் நினைத்திருந்தது 'முகில்'. கடைசி 'ல்' மட்டுமே வேறொரு சொல்லோடு வெட்டியதால் இரண்டுமே பொருந்தின.

"புயல்னா காத்தும்மா. மரத்தச் சாய்க்கும். மேகம் எந்த ஊர்ல மரத்தச் சாய்ச்சுது?" என்று என் விடையின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். "காலேஜுக்கு வேற போவுது!"

கூட்டம் சிரித்தது. காது சுட்டது எனக்கு.

ஸ்ரீரங்கத்தில் என் தோழி வீட்டில் பெரிய அகராதி இருந்தது. மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் புரட்டினேன். புயல் என்றால் மேகம், மழை, நீர், பெருங்காற்று. மேகம்தான் முதலில்!

"பாத்தாச்சோன்னோ? விட்டுத் தொலையேன்டி" என்றாள் தோழி. விடுவதாவது!

எழுதிக்கொண்டு வந்து அவரிடம் காட்டினேன். "அகராதியில ஆயிரம் இருக்கும்மா" என்று மூக்குக் கண்ணாடியைக்கூட மாட்டாமல் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு வெறியோடு உட்கார்ந்து அவர் கட்டத்தை முடித்தேன். பிழை தேடினார், கிடைக்கவில்லை. உரிமை என் கைக்கு வந்தது.

என் கட்டத்தின் முதல் குறிப்பு, இடமிருந்து வலம்: மேகம், மூன்றெழுத்து. அவர் தாங்கமாட்டார் என்று தெரியும். தாங்கவில்லை.

"இன்னுமா இந்தப் புள்ளைக்குப் புரியல?" என்று எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, கொட்டை எழுத்தில் 'முகில்' என்று எழுதினார். பிறகுதான் அதே மூலையிலிருந்து கீழே இறங்கும் குறிப்பை வாசித்தார்: எடமலைப்பட்டியோடு சேர்ந்து வரும் ஊர், மூன்றெழுத்து.

அவர் வீடு எடமலைப்பட்டி புதூரில். அந்த மூலைச் சதுரத்தில் 'பு' வேண்டும். அங்கே அவர் கையாலேயே 'மு' நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, இன்னிக்கு முதூர் பஸ்லயா வீட்டுக்குப் போறீங்க?"

வாசகசாலையே அதிர்ந்தது.

"ஒரு எழுத்துதாம்மா. அழிச்சுட்டு எழுதிடறேன்" என்றார் மெதுவாக. துடைக்கும் துணி என் கையில் இருந்தது.

"அழிக்கக் கூடாதுங்களே" என்றேன்.

கட்டம் முடியவில்லை. அடுத்த வாரமும் என்னுடையதாயிற்று. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள், அவருக்கென்று இன்னொரு சொல்லைத் தேட ஆரம்பித்திருந்தேன்.