வலது கால் டாக்டரம்மாவும் இடது கதவும்

1. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

டாக்டர் மரகதம்மாளின் வலது கால் காருக்குள்ளும் இடது கால் புதுக்கோட்டை ராஜ வீதியிலுமாக மாட்டிக்கொண்டு நின்ற அந்தக் காலை நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். அவரால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. எதிர்க் காப்பிக் கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் காரை அவரிடம் விற்க நின்றவன் நான்.

ஐம்பதுகளின் கடைசி அது. பழைய கார்களை வாங்கிச் சீர் செய்து விற்கும் ராவுத்தர் கடையில் நான்தான் சேல்ஸ்மேன். சமஸ்தானம் போன பிறகு பெரிய வீட்டுக் கார்கள் ஒவ்வொன்றாக எங்கள் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தன. எந்த வண்டியையும் யார் தலையிலாவது கட்டிவிடுவேன் என்று எனக்கு ஊரில் பேர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கம்பெனிப் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் கார்களை வைத்திருந்தவர்களின் வாரிசுகள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள்.

டாக்டரம்மா எல்.எம்.பி. படித்தவர். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்று, கீரனூரில் சொந்தமாக வைத்தியம் பார்த்துவந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சுற்றுக் கிராமங்களில் பிரசவம் என்று ஆள் வந்தால் தானே காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கார் இன்ஜின் தேய்ந்து படுத்துவிட்டது. கூடவே அவருடைய இடது முட்டியும் மக்கர் செய்தது. நேராக மடக்கினால் ஒன்றுமில்லை. உடம்பு திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொண்டால் உயிர் போகும்.

கூட வந்திருந்தவர் அவருடைய அண்ணன் மகன் சுந்தரம். திருச்சியில் ஆபீஸ் உத்தியோகம். அவரும் நானும் ஆளுக்கொரு கை பிடித்து டாக்டரம்மாவை இறக்கினோம்.

"போதும் அத்தை. இந்த வயசுல ஒங்களுக்குக் காரு எதுக்கு? பேசாம வீட்ல இருங்க" என்றார் சுந்தரம்.

"டேய், நீ பொறந்தப்ப நான் வீட்ல இருந்திருந்தா ஒன் கதி என்னடா?"

"அப்ப ஒரு டிரைவரையாவது வச்சுக்கங்க."

"வச்சுப் பாத்தேன்ல? சாப்ட்டுட்டு வாரேன்னு போனா ஆளு அங்கிட்டே படுத்திருவான். அவன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் புள்ள வயித்துக்குள்ள காத்திருக்குமா?"

கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. அன்றைக்கு எங்கள் ஷெட்டில் ஒரு வண்டியாவது அவருக்கு ஒத்துவர வேண்டும். வராவிட்டால் வெளியூர்ப் பிரசவத்தை அத்தோடு விட்டுவிட வேண்டும். டாக்டரம்மா சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் முகம் சுண்டிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

2. மூன்று வண்டி, மூன்று ஐயோ

அவர் மாட்டிக்கொண்டது புட்போர்டு வைத்த உயரமான கறுப்பு வண்டி. அது உயரம் என்றால் தாழ்வாகக் காட்டுவோம் என்று ஒரு குட்டி வண்டியைத் திறந்துவிட்டேன். அதிலும் பாதி ஏறும்போதே "ஐயோ" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். எப்படியோ உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மணையில ஒக்காந்த மாதிரி இருக்கே சுப்பையா. இதுலருந்து என்னைய எழுப்ப நாலு ஆளு வேணும்."

மூன்றாவதை நான் மிகவும் நம்பினேன். சீட் நாற்காலி உயரம். கதவு முழுசாகத் திறக்கும். குஷன் உள்வாங்காது, அழுத்தமாகத் தாங்கும். வயதானவர்களுக்கு வண்டி பார்க்கிறவர்கள் இந்த மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். காலம் எவ்வளவு மாறினாலும் இதில் மாற்றமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் வண்டியில் ஏறும்போது சேல்ஸ்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நானும் சொன்னேன்.

"வலது காலை எடுத்து வச்சு ஏறுங்க டாக்டரம்மா."

"அத எனக்குச் சொல்லணுமா? புள்ள பொறக்குற வீட்டுக்குப் போறவ நான். இத்தனை வருசத்துல இடது காலை வச்சு வண்டி ஏறுனதே இல்ல."

சொல்லிக்கொண்டே ஸ்டியரிங் பக்கத்துக் கதவு வழியாக வலது காலை உள்ளே வைத்தார். உடம்பைத் திருப்பினார். "ஐயோ!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். குஷனுக்கு அடியில் பலகை வைத்துப் பார்த்தேன். தரையில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறச் சொல்லியும் பார்த்தேன். முதலாளி ராவுத்தர் உள்ளேயிருந்து வந்தார்.

"என்ன சுப்பையா, வண்டி விக்கிறியா, வைத்தியம் பாக்குறியா?"

சுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போகலாமா அத்தை?" என்றார்.

3. வைக்கோல் பாரம்

ஷெட்டுக்கு வெளியே தெருவோரமாக ஒரு வெளிர்பச்சைக் கார் நின்றது. திருவரங்குளத்துக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. முன்னால் தனித்தனி சீட் கிடையாது, கதவுக்குக் கதவு ஒரே நீள சீட்டு. கியர் தரையில் இல்லாமல் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் எல்லாம், "இதென்னங்க, குடைக்காம்பு மாதிரி" என்று சிரித்துவிட்டுப் போனதால், விலை போகாத அந்த வண்டியை நான் டாக்டரம்மாவுக்குக் காட்டவே இல்லை. போதாக்குறைக்கு, வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அச்சு முறிந்து அதன் வலப்பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

அப்போது ஒரு ஆள் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஓடிவந்தார். குளத்தூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கீரனூரில் டாக்டரம்மாவின் கம்பவுண்டர் எங்கள் கடையை அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"தாயி, தலைப்புள்ளைங்க. வலி கண்டு ரொம்ப நேரமாச்சு. மருத்துவச்சி கைய விரிச்சிருச்சுங்க."

அவ்வளவுதான். டாக்டரம்மாவின் முகமே மாறிவிட்டது.

"சுப்பையா, எந்த வண்டில பெட்ரோல் இருக்கு?"

"அந்தப் பச்சை வண்டில இருக்குங்க. ஆனா ஸ்டியரிங் பக்கம் வைக்கோல் வண்டி கெடக்கு. கதவு தொறக்காது."

"இங்கிட்டுக் கதவு தொறக்கும்ல?"

நான் இடது கதவைத் திறந்தேன். டாக்டரம்மா வலது காலை உள்ளே வைத்தார், உட்கார்ந்தார், இடது காலை இழுத்துக்கொண்டார். பந்தியில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிறவர்போல வழவழவென்ற ரெக்ஸின் சீட்டில் அப்படியே நகர்ந்து ஸ்டியரிங்குக்கு நேரே போய்ச் சேர்ந்தார்.

"சாவி!"

கொடுத்தேன். அந்த ஆள் பின்னால் ஏறினார். டாக்டரம்மா எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகும் மருந்துப் பையோடு சுந்தரம் முன்னால் ஏறி, கதவைச் சாத்துவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அது வீதி முனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த முறை டாக்டரம்மா "ஐயோ" என்று சொல்லவில்லை.

"யா அல்லா! வெலை பேசுனியா?" என்றார் ராவுத்தர்.

"இல்லீங்க மொதலாளி."

"நல்லா யாவாரம் பண்ற போ" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அவர் வாய், "நல்லபடியா பொறக்கட்டும்" என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

4. டாக்டரம்மா கண்டுபிடித்த வியாதி

மறுநாள் பச்சை வண்டி திரும்பி வந்தது. டாக்டரம்மா வலது கதவைத் திறந்து, வலது காலை முதலில் ஊன்றிச் சிரமமில்லாமல் இறங்கினார்.

"பொம்பளப் புள்ள. ஆத்தாளும் மகளும் சௌக்கியம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ராவுத்தர் காப்பிக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தன் கணக்கில் காப்பி கொடுக்கச் சொன்னார்.

"ஏய்யா சுப்பையா, என் வியாதி என்னன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் டாக்டரம்மா. "ஸ்டியரிங் பக்கத்துக் கதவுல ஏறுறப்ப வண்டிய ஒட்டி இருக்குறது இடது காலு. அதத்தான் மொதல்ல வைக்கணும். நானு வலது காலைத்தான் வைப்பேன்னு இந்த முட்டிய முறுக்கி முறுக்கி ஏறியிருக்கேன். வருசக் கணக்கா! முட்டி தேயாம என்ன பண்ணும்?"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அப்ப இடது காலை வச்சு ஏறிரலாமேம்மா" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நீ வேணா ஏறு" என்றார். "இந்த வண்டில நான் இங்கிட்டு ஏறி அங்கிட்டு எறங்குவேன். கியரு குறுக்க இல்ல, சீட்டும் ஒண்ணு. எனக்கு இதுதான் வேணும்."

யாரும் சீந்தாத வண்டி அப்படித்தான் விலை போனது. என் சாமர்த்தியத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அடுத்த வருடம் அந்த வண்டிக்கு பிரேக் பார்க்கக் கீரனூர் போயிருந்தேன். சுந்தரம் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் மனைவி பிரசவத்துக்காகக் குளத்தூர்ப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். வலி கண்டுவிட்டதாம். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் கதவைத் திறக்கப் போவதற்குள் சுந்தரம் முந்திக்கொண்டு இடது கதவைத் திறந்து பிடித்தார்.

"வலது காலை வச்சு ஏறுங்க அத்தை."

"என்னடா, என்னைய வீட்ல இருக்கச் சொன்னியே?"

"ஐயோ அத்தை, மொதல்ல ஏறுங்க!"

இந்தத் தடவை "ஐயோ" சொன்னது அவர்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வயதானவர் ஒருவர் வண்டி பார்க்க வந்தால், வண்டியை மாற்றிக் காட்டுவதற்கு முன்னால் அவர் எந்தக் காலை முதலில் வைக்கிறார், எந்தக் கதவில் ஏறுகிறார் என்று பாருங்கள். அவர் வீட்டு ஆட்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். இனி வீட்டில் இருங்கள் என்று அவசரப்பட்டு வாயை விட வேண்டாம். என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கதவை ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டியவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.