மாதம்மாளின் பேயெள்ளுக் கொல்லை

மலைமேல் இருந்த புதூர்நாட்டு மாதம்மாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். மழை பிடித்தால் தன் கூரை ஒழுகுவதை விட்டுவிட்டு, பலாமரத்தடியில் இருந்த தேன்பெட்டிகளுக்குச் சாக்குப் போர்த்த ஓடுவாள். மானியத்தில் வந்த பெட்டிகள் அவை. அந்தத் தேனீக்கள் வந்து பூவில் உட்கார்ந்தால்தான் அவளுடைய கொல்லையில் பேயெள்ளு மணி பிடிக்கும். எண்ணெய்க்கும் சந்தைச் செலவுக்கும் அவளுக்கு அது ஒன்றுதான்.

பக்கத்துக் கொல்லை கொழுந்தன் சின்னதம்பியுடையது. மொச்சையில் அசுவினிப் பூச்சி விழுந்தால் மலையில் எல்லோரும் செய்வதையே அவனும் செய்வான். அடுப்புச் சாம்பலைப் பழந்துணியில் முடிந்து, பனி ஈரம் காயுமுன் பூவிலும் இலையிலும் உதறுவான். எண்பத்து மூன்றாம் வருஷம் திருப்பத்தூர்க் கடையிலிருந்து பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துத் தூள் வாங்கி வந்தான். அதையும் அதே துணியில் முடிந்து, அதே பனியில், அதே பூவின்மேல் உதறினான்.

வெயில் ஏறியதும் தேனீக்கள் மொச்சைக்குப் போயின. மத்தியானம் பெட்டி வாசல்களில் மல்லாந்து துடித்தன. மாதம்மாள் முறத்தில் வாரினாள்.

"இன்னாடா தூவுன?"

"ஈ போனா வேற ஈ வரும் அண்ணி. அசுவினி ஒண்ணு இருக்குதா பாரு! நீயும் கொஞ்சம் வாங்கி வையி, தலைப்பேனுக்கும் ஆவும்."

செத்த ஈக்களை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் ஜீப் ஏறினாள். திருப்பத்தூர் வேளாண்மை ஆபீசில் அந்த முடிச்சை மேசைமேல் அவிழ்த்தாள்.

"ஒரு பெட்டி மிச்சம் இருக்குதுங்க சார். அதையாச்சும் காப்பாத்திக் குடுங்க."

"பூச்சிமருந்துக்குச் சட்டம் இருக்கும்மா" என்றார் அதிகாரி. அவளையும் அழைத்துக்கொண்டு அந்தத் தூள் விற்ற கடைக்குப் போனார். தூளை மூன்று பங்காக்கி, அரக்கு முத்திரை வைத்துச் சோதனைக்கு அனுப்பினார். இனி அந்தத் தூள் மலையேறாது என்று நம்பிக்கொண்டு அவள் ஊர் திரும்பினாள்.

முடிவு வந்ததும் அவரே மலைக்கு வந்து சொன்னார்.

"கலப்படம் இல்லம்மா. தரமான மருந்துதான்."

"நல்ல மருந்துன்னா என் ஈ ஏன் சார் செத்துச்சு?"

"பூவுல தூவக் கூடாது. அதை நாங்க சொல்லத்தான் முடியும். விக்கிறவன் தப்புப் பண்ணா பிடிக்கலாம். தூவுறவங்களைப் பிடிக்க எனக்கு வழி இல்ல."

அவர் சொன்னதில் முதல் பாதிதான் ஊருக்குள் போனது.

"சர்க்காரே சோதிச்சு நல்ல மருந்துன்னு சொல்ட்டாங்க. சோதிக்க வெச்சதே எங்க அண்ணிதான்!" என்று டீக்கடையில் சின்னதம்பி சிரித்தான்.

அடுத்த மொச்சைப் பூவுக்கு, அதுவரை சாம்பல் தூவிக்கொண்டிருந்தவர்களும் அந்தத் தூளையே முடிந்து உதறினார்கள். கடைசிப் பெட்டியும் அடங்கிப் போயிற்று.

பேயெள்ளு அந்த வருஷமும் கொல்லை முழுக்க மஞ்சளாய்ப் பூத்தது. அறுத்தாள், அடித்தாள். முறத்தில் புடைத்தபோது பாதிக்குமேல் பதராகப் பறந்தது.

காலிப் பெட்டிகளைக் கோழி அடைக்கக் கேட்டவர்களிடம் கொடுத்துவிட்டாள். அப்புறம் சாகும்வரை அந்தக் கொல்லையில் சாமைதான் விதைத்தாள். சாமைக்குத் தேனீ வேண்டியதில்லை.