பரசூட்டுக்கு ஒரு வாகனப் பூசை

இன்று மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், புதுக் கார்களுக்குப் பூசை செய்யும் இடத்தில், குகன் ஒரு பரசூட் பையோடு நின்றான்.

அடுத்த கிழமை துபாயில் நடக்கும் சர்வதேச ஸ்கைடைவிங் போட்டியில் குதிக்கிறானாம். கீழே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாலைவனம். நானும் அவனும் ஒரே வெயர்ஹவுசில் ஒரே ஷிஃப்ட். நானோ கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் இலை அள்ள ஏணியில் இரண்டு படி ஏறினாலே இறங்கிவிடுவேன்.

ஐயர், கார்ச் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்கும் இரண்டு தேசிக்காயோடு பையைச் சுற்றி வந்தார்.

"தம்பி, இதுக்குச் சில்லு இல்லையே. தேசிக்காயை எங்க வைக்கிறது?"

"என்ர காலுக்குக் கீழ வையுங்கோ ஐயா. இறங்கேக்க அதுதான் சில்லு."

வெறுங்காலால் இரண்டையும் நசுக்கினான். கோயிலில் போனை விட்டுத் தலை நிமிராத என் மகள் கைதட்டினாள்.

"அப்பா, ஹீ இஸ் ஸோ கூல். உங்கட ஃபிரெண்டா?"

"ஓம்" என்றேன். அவள் எனக்காக ஒருநாளும் கைதட்டியதில்லை.

உள்ளே போய்க் குகன் பேரில் அர்ச்சனை செய்தேன். "முருகா, அவன் பத்திரமாய்த் தரையிறங்க வேணும். ஆனால் நாலாவதாய் வரட்டும்."

இதைவிடக் கேவலமாய் யாராவது கும்பிட்டிருந்தால் கீழே எழுதுங்கள். கொஞ்சம் ஆறுதலாயிருக்கும்.