கல்நார் எங்கெல்லாம் இருக்கிறது

காரைக்காலில் அரசாங்கக் கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியராக நான் இருந்தேன். யாராவது கூரை என்று வாயெடுத்தால் போதும், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுவிடுங்கள் என்பேன். எழுபதுகளின் கடைசியில் அடித்த புயலில் கீற்றும் நாட்டு ஓடும் போன இடம் தெரியவில்லை. தகரம் போடலாமென்றால் எங்கள் கடற்காற்றுக்கு அது நாலு மழைக்காலம் தாங்காது, துருப்பிடித்துச் சல்லடையாகிவிடும். சிமெண்டும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரும் கலந்து செய்த இந்த ஷீட் துருப்பிடிக்காது, தீயும் பிடிக்காது. பூவத்திலிருந்து கீழவாஞ்சூர் வரைக்கும் நான் நின்று போட்ட கூரைகளை, சைக்கிளில் போகும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே போவேன். அவ்வளவு பெருமை எனக்கு. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம், பிரெஞ்சுப் பென்ஷன்காரர் ஒருவர் என்னை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர். இளவயதிலேயே பிரான்சுக்குப் போய், அங்கே கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசியே என்றுதான் தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். உயரமான கதவுகளும் கனமான சுவர்களும் உள்ள பழைய மெத்தை வீடு. புயலுக்குப் பிறகு அதன் பின்கட்டுக்கும் ஷீட் போட்டிருந்தார்கள்.

"வீட்டப் பாத்து ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கணும் தம்பி," என்றார்.

"என்னங்க எழுதணும்?"

"கல்நாரு எங்கெல்லாம் இருக்குன்னு. ஒரு எடம் விடாம."

அவருடைய மகள் இரண்டு குழந்தைகளோடு பிரான்சிலிருந்து வந்து ஒரு வருஷம் தங்குவதாக இருந்தாள். வீட்டை அப்படிச் சோதித்துப் பார்க்காமல் குழந்தைகளை அழைத்து வரமாட்டேன் என்று எழுதியிருந்தாளாம். எனக்குச் சிரிப்பாக வந்தது. பிரான்சில் இருந்துவிட்டு வந்தால் நம் ஊர்க் கூரைகூட ஆகாமல் போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பெரிய மனிதர் கேட்கிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். அதனால் முற்றத்தில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் எங்கே ஏற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அங்கிருந்தே சொன்னார். முதலில் ஒரு துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். கொள்ளைக்காரன் மாதிரி நான் ஏணியில் நின்றேன். பின்கட்டில் பதினோரு ஷீட், குளியலறை மேல் இரண்டு, அடுப்படியில் புகைபோக்கிக் குழாய், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன்.

"முழுசா இருக்கா, ஒடஞ்சிருக்கான்னு சேத்து எழுதுங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "முழுசா இருந்தா அது பாட்டுக்குக் கெடக்கும். தூளானாத்தான் ஆபத்து."

எனக்கு வேலை சொல்லித் தருவது பிடிக்காது. அதிலும் நான் போட்ட சரக்கைப் பற்றி. கீழே இறங்கியதும், உடைந்து கிடந்த ஒரு மூலைத் துண்டை எடுத்து விரலால் நெருடி, "பாருங்க, வெறும் சிமெண்டுதாங்க," என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மூச்சு வாங்கும் மனிதர் எங்கிருந்துதான் அந்த வேகத்தில் எழுந்தாரோ. என் மணிக்கட்டைப் பிடித்து, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீருக்குள் கையோடு அமுக்கிவிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது.

"கப்பல்ல கொதிகலன் கொழாய்க்கெல்லாம் இதத்தான் தம்பி சுத்துவோம்," என்றார் கடைசியில். "வெள்ளையா கொட்டும். அள்ளி ஒருத்தரு மேல ஒருத்தரு வீசி வெளையாடுவோம். இருபத்தஞ்சு வருஷம் ஒண்ணுமே இல்ல. அப்பறம் ஒரு நாள் மாடிப்படி ஏற முடியல. என்கூட வெளையாடினவங்கள்ல நெறைய பேரு இப்ப இல்ல. உள்ள போனது வெளிய வராது."

நான் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷீட்ட அறுக்கறப்ப தூள் வருமே, அத என்ன பண்ணுவீங்க?"

"கொட்டிடுவோங்க," என்றேன்.

பொய். நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன். அரசலாற்றுப் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

அந்தத் தூளை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். ஷீட்டை ரம்பத்தால் அறுக்கும்போதும், கொக்கி மாட்டத் துளை போடும்போதும் கீழே சாக்கை விரிக்கச் சொல்வேன். விழுகிற தூள் சாம்பலும் வெள்ளையுமாக, அவ்வளவு மிருதுவாக இருக்கும். கல்யாணமான முதல் மார்கழியில் என் மனைவி, கடையில் வாங்கிய கோலமாவு நறநறவென்று இருக்கிறது, விரலிலிருந்து சரியாக இறங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். மறுநாளே ஒரு பால்மாவு டின் நிறைய ஷீட்டுத் தூளைக் கொண்டுவந்து கொடுத்தேன். கடை மாவோடு சரிபாதி கலந்தாள். கம்பி இழுத்த மாதிரி இழை விழுந்தது. தெருவே நின்று பார்த்தது. அந்த மார்கழியிலிருந்து ஆறு மார்கழி ஆகியிருந்தது. வெறும் கோலம் மட்டும் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதை அவள் மெல்லிய துணியில் சலிப்பாள். காற்றில் பறந்து வீணாகக் கூடாதென்று பின்னறையின் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு சலிப்பாள். வெளியே வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். கிழவியாகிவிட்டாய் என்று நான் கேலி செய்வேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் பரணில் இருந்த டின்னை எடுத்து, தண்ணீரை ஊற்றிக் குழைத்து, கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தேன். மாவு எங்கே என்று அவள் கேட்டபோது, மழைச்சாரலில் நனைந்து கட்டியாகிவிட்டது என்றேன். இரண்டு பொய் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள்மேலேயே கண்ணாக இருந்தேன். அவள் மிளகாய் தாளித்து இருமினால் வாசலிலிருந்து அடுப்படிக்கு ஓடுவேன். தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள் நின்று மூச்சு வாங்கினால் குடத்தை நான் பிடுங்கிக்கொள்வேன். "என்னங்க, என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்பாள். நான்தான் பார்த்துப் பார்த்து என் கையால் கொண்டுவந்து கொடுத்தேன் என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. பயம் என்றால் என்னவென்று அந்த இரண்டு வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. புயலன்றைக்கு வீட்டுச் சுவர் ஆடியபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

ஊரில் ஒரு காய்ச்சல் பரவுகிறது, எதற்கும் நெஞ்சை ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துவிடலாம் என்று சொல்லி அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இல்லாத காய்ச்சல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நுரையீரல் நல்லாருக்கு. விறகடுப்புப் புகையில ரொம்ப நேரம் நிக்க வேணாம்," என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவளை வீட்டில் விட்டுவிட்டு, அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு, யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே என்று முசியே வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

அவர் படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்னோட மொதப் படமும் சுத்தமாத்தான் இருந்துச்சு," என்றார். அவர் திட்டவில்லை. என் நோட்டை எடுத்து, நான் எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி, அடுத்த வெற்றுப் பக்கத்தைக் காட்டினார். "என் வீட்ட எழுதின மாதிரியே இதையும் எழுதுங்க. அந்த மாவுல யாரு யாரு கை வச்சாங்க, இன்னும் எங்க மிச்சம் இருக்கு. ஒரு எடம் விடாம. மொதல்ல உங்க சம்சாரத்துகிட்ட சொல்லுங்க தம்பி."

அன்று சாயங்காலம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தாள். என்னைத் திட்டுவாள், அழுவாள், தாய்வீட்டுக்குக் கிளம்புவாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். எதையும் செய்யவில்லை.

"எதிர்வீட்டுக்கு ஒரு டின் குடுத்தேனேங்க," என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை.

"தீவாளிக்கு முன்னாடி. அவங்க அத்தன தடவ கேட்டாங்க, மறைக்கிறது நல்லா இல்லன்னு குடுத்துட்டேன். அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு இந்த மார்கழிக்குத் தானே கோலம் போடப் போறேன்னு குதிச்சுக்கிட்டு இருக்கு."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே எதிர்வீட்டுக்குப் போனாள். கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினாள். கொடுத்ததை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்று அந்த அம்மாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்களாம். மறுநாள் நான் கடையில் நல்ல கோலமாவாகப் பார்த்து இரண்டு பை வாங்கிக்கொண்டு போனேன். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கெடுதல், அதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாள் இரண்டு பையையும் வாங்கி உள்ளே வைத்து, "இதுவும் இருக்கட்டும்," என்றார்கள். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் ஓவர்சியரே, அவ்ளோ கெடுதலா? அப்ப ஊருக்கெல்லாம் நீங்க போட்ட கூரைய மொதல்ல எறக்கிட்டு வாங்க. அப்பறமா எங்க வீட்டு டின்ன எடுத்துக்கலாம்."

அவர் வீட்டுக் கொட்டகைக்கே நான்தான் ஷீட் வாங்கச் சொல்லியிருந்தேன். தகரத்தைவிட இதுதான் நல்லது என்று அதே நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியிருந்தேன்.

மார்கழி முதல் நாள் விடிந்தது. பெருமாள் கோயில் ஒலிபெருக்கி கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு வாசலில் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு கோலம் போட்டிருந்தார்கள். நடுவில் சாணிப் பிள்ளையாரும் பூசணிப் பூவும். கம்பி இழுத்த மாதிரி விழுந்திருந்த இழைகளைப் பார்த்ததும் எந்த மாவு என்று தெரிந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண், ஏழு வயதிருக்கும், குந்தி உட்கார்ந்து, கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, இழை தாண்டிச் சிந்திய மாவை வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். ஊதிவிட்டு மூச்சை இழுத்தாள். மறுபடி ஊதினாள்.

நான் யோசிக்கவில்லை. எங்கள் வாசலில் சாணி தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, அந்தக் கோலத்தின் மேல் ஊற்றினேன். திரும்பி ஓடி, கிணற்றடியிலிருந்து இன்னொரு வாளி கொண்டுவந்து ஊற்றினேன். அடுத்த வீட்டுக் கோலத்தைக் கால் தவறி மிதித்தாலே மன்னிப்புக் கேட்கிற தெரு. மார்கழி முதல் நாள், விடிகாலையில், ஓர் ஆண்பிள்ளை போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். ஜன்னல்கள் திறந்தன. அந்த அம்மாள் கையில் சாணிக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அன்றோடு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது, பிறகு தொடரவே இல்லை. டின்னை மட்டும் அன்று மத்தியானம் எங்கள் வாசலில் விட்டெறிந்துவிட்டுப் போனார்கள். அதில் பாதிக்குமேல் காலியாக இருந்தது.

முசியேயின் மகள் குழந்தைகளோடு தை மாதம் வந்தாள். அவள் வருவதற்குள் பின்கட்டு ஷீட்டையும் குளியலறை ஷீட்டையும் நனைத்து, உடையாமல் இறக்கி, பனங்கட்டை வைத்துச் சீமை ஓடு போட்டுக்கொடுத்தேன். அதற்கடுத்த வருஷம் முசியே இறந்துபோனார். என் மனைவி இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு படம் எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அதைத் தூக்கிப் பிடிக்கும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஆனால் அந்த மார்கழி விடிகாலை எனக்கு இன்னும் முடியவில்லை. தண்ணீர் ஓடி, இழையெல்லாம் கலங்கி, பூசணிப் பூ சாக்கடைப் பக்கம் மிதந்துபோனபோது, அந்தச் சின்னப் பெண் அழவில்லை. பாவாடை நனைய அப்படியே உட்கார்ந்திருந்தாள். இமையிலும் மூக்கு நுனியிலும் மாவு ஒட்டியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இல்லையா மாமா?" என்று கேட்டாள்.