நிறுத்தக் கூடாத மாத்திரை

கையில் எவர்சில்வர் டம்ளரோடு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே பார்வை நேரத்துக்காக அந்த அக்கா நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நிமோனியா முற்றிய கணவரை ஜவ்வாது மலையிலிருந்து திருப்பத்தூருக்கு இறக்கிக்கொண்டு வந்திருந்தார். மலையில் ஒருவர் படுத்துவிட்டால் ஊரே வேன் ஏறி வந்துவிடும். கேட்டதற்குப் பதில் சொல்வது ஊர்ப் பெரியவர்தான்.

சேர்த்த அன்று, நர்ஸான நான், அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே, "வழக்கமா மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டேன். "அவனுக்கு இன்னாம்மா சீக்கு? கல்லாட்டம் ஆளு" என்றார் பெரியவர். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வேலை முடிந்தது என்று 'இல்லை' என எழுதிவிட்டு நகர்ந்தேன். அவசரம் என்று சொல்லலாம். அலட்சியம் என்பதுதான் சரி.

மூன்றாம் நாள் அவருக்குப் புத்தி தடுமாறியது. கூரையில் தேனீ மொய்க்கிறது என்று கத்தி, ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். எங்கள் பிரிவில் இது சகஜம். காய்ச்சலும் மூச்சுத் திணறலும் அணையாத விளக்கும் யாரையும் அப்படி ஆக்கிவிடும். டாக்டர் அமைதிப்படுத்தும் ஊசி எழுதினார், போட்டேன். கத்தல் அடங்கியது. கை நடுக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

அன்று மாலை அக்கா அவர் வாயில் எதையோ வைத்துத் தண்ணீர் புகட்டுவதைக் கண்டு கையைப் பிடித்தேன். லித்தியம். மனநோய்க்காக அவர் பல வருடமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரை. வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று அக்கா ஊருக்கே மறைத்து, இங்கேயும் தினமும் பார்வை நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கொடுத்து வந்திருக்கிறார். அத்தனை வருடம் அவரை நிலையாக வைத்திருந்த மருந்துதான். காய்ச்சலில் உடம்பு நீர் வற்றி, சிறுநீரகம் தளர்ந்ததும் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்து விஷமாகிவிட்டது. டயாலிசிஸ் செய்தோம். இரண்டு நாள்தான் தாங்கினார்.

இப்போதெல்லாம் நோயாளியின் மனைவியைத் தனியே உட்காரவைத்துத்தான் மாத்திரை பற்றிக் கேட்கிறேன். "ஊர்க் கதை பேசப் போயிட்டாங்க" என்று புது நர்ஸ்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்று உடலை வேனில் ஏற்றும்போது அக்கா என்னிடம் வந்தார்.

"ஒரு நாளுகூட நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருங்க. நான் நிறுத்தவே இல்லீங்களே சிஸ்டர். அப்புறம் ஏன் போய்ட்டாரு?"

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியவரும் உறவுக்காரர்களும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள்.

"இன்னா கேக்குற அந்தம்மாவ?" என்றார் பெரியவர்.

"ஒன்னுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வேனில் ஏறிக்கொண்டார்.