ஒட்டிய சீட்டின் மறுபக்கம்

என் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களிடம் அக்காவின் வாழ்க்கையோடு என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா 1974இல் திருமழபாடியில் பிறந்தார். பெற்றோர் கரும்பு வெட்டப் போன நாட்களில் எனக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. 1995 தை மாதம் ரெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா சிமெண்ட் ஆலைத் தொழிலாளி.

1996 ஆனியில் அரியலூரில் ஒரு மருத்துவமனையில் மகள் பிறந்தாள். செவிலியர் ஓர் ஊசிமருந்துக்குச் சீட்டைத் தந்து, மூன்று நாளுக்குள் வாங்கிவரச் சொன்னார். எனக்கோ ஜாதக நினைப்பு. பிறந்த நேரத்தைக் கேட்டேன். அதே சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதோடு திருமானூர் ஜோசியரிடம் போக பஸ் ஏறினேன். தாயும் சேயும் நலமாக இருக்கும்போது மருந்து எதற்கு என்று விட்டுவிட்டேன். மறுநாளே வீட்டுக்கும் அழைத்து வந்துவிட்டோம். நேரம் மேலே தெரியும்படி சீட்டை என் குறிப்பேட்டில் ஒட்டினேன். நாளும் நட்சத்திரமும் நாழிகையும் பிசகாமல் குறித்திருந்தேன்.

1999இல் பிறந்த ஆண் குழந்தை முதல் நாளே மஞ்சளாகி, மூன்றாம் நாள் இறந்தது. 2001இலும் அப்படியே. அக்காவின் வயிற்றுக்கு ராசியில்லை என்று மாமாவின் தாயார், எங்கள் அத்தை, முடிவுகட்டினார். பிறகு எந்த வளைகாப்பிலும் வளையல் போட அக்காவை யாரும் அழைக்கவில்லை. அடுப்படியில் நின்று கலந்த சாதங்களைக் கிளறிக் கொடுத்துவிட்டு வருவார்.

2005இல் நூலகத்தில் எடுத்த மருத்துவ நூலொன்றில் காரணத்தைப் படித்தேன். தாயின் ரத்தம் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் கலக்கும் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்கிறது. முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அந்த எதிர்ப்பு அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். முதல் பிரசவமான மூன்று நாளுக்குள் ஓர் ஊசி போட்டால் இதைத் தடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து, ஒட்டிய சீட்டை நனைத்து உரித்தேன். அக்காவின் ரத்தம் நெகட்டிவ் என்பதும் அந்த ஊசியின் பெயரும் அதில் இருந்தன.

மறுநாள் ரெட்டிபாளையம் போய் அக்காவிடம் காரணத்தைச் சொன்னேன். சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

“அப்ப எம்மேல குத்தம் இல்லியா தம்பி?”

“இல்லக்கா.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைத்தார். “நான் சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க. நீ படிச்சவன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

“அடுத்த தடவை வரப்ப சொல்றேன்க்கா.”

“அதையும் நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சுக்க” என்று சிரித்தார்.

அதன்பின் நான்கு முறை போனேன். சொன்னால், ஊசி ஏன் போடவில்லை என்று அத்தை கேட்பார் என்ற பயத்தில் பேசாமல் திரும்பினேன். 2006 ஐப்பசியில் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் அக்கா மறைந்தார்.

அப்போது நெகட்டிவ் ரத்தத்துக்கு அலைந்தோம். பெரம்பலூரிலிருந்து வந்து கொடுத்த இரு இளைஞர்களுக்கும், கூடவே இருந்த ஆலைத் தோழர்களுக்கும், கடைசிவரை கவனித்த மருத்துவர், செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமாவிடம் ஒரு வேண்டுகோள். கண் மங்கிய தங்கள் தாயாருக்கு இந்தப் பக்கத்தை முதலில் வாசித்துக் காட்டுங்கள். அத்தை, அக்கா மேல் குற்றமில்லை. ஊசி வாங்கி வராதவன் நான்.