துணைக்கு வந்த பகையாளி

ரொட்டியக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கியபோது வயது நாற்பதைத் தொட்டிருக்கவில்லை. முதலில் படிக்கட்டின் விளிம்புகள் போயின. பிறகு மனிதர்களின் முகங்கள். கடைசியில் பால் போல ஒரு வெளுப்பு மட்டும் மிஞ்சியது. பேக்கரி முதலாளி நல்ல மனுஷன். "கண்ணுதானே போச்சு, கைக்கு என்ன கேடு?" என்று சொல்லி, கல்லாவில் இருந்தவளைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றினார். சூடு ஆறிய ரொட்டியைக் கவருக்குள் நழுவவிட்டு, வாயை முறுக்கிக் கட்டும் வேலை. அன்றிலிருந்து தெருவுக்கே அவள் ரொட்டியக்கா.

புருஷன் மினி பஸ் டிரைவர். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மனைவிக்கு உடுத்தத் துணி எடுத்து வைப்பார். டீயை ஆற்றிக் கையில் கொடுப்பார். யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால், "அவளுக்குக் கூட்டம் ஆகாதுங்க" என்று அவரே பதிலும் சொல்லிவிடுவார். உண்மையில் அவளுக்குக் கூட்டமென்றால் உயிர். ஆனால் இவ்வளவு பிரியமாகச் செய்பவரிடம் எந்த வாயால் அதைச் சொல்வது?

போன தேர்தலில் அவர்தான் அவளுக்குத் துணையாக உள்ளே வந்தார். அட்டை மறைப்புக்குப் பின்னால் ஓட்டு மெஷின் முன் இருவரும் நின்றார்கள். அவள் மூச்சை இழுத்து, பேரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் 'பீப்' என்று சத்தம் கேட்டுவிட்டது.

"ஆச்சும்மா, வா போலாம்" என்றார் அவர்.

ஏமாற்றவில்லை அந்த மனிதர். எப்போதும் அவள் யாருக்குப் போடுவாளோ அந்த ஆளுக்குத்தான் போட்டிருந்தார். அந்த முறை அவள் மனம் மாறியிருந்தது அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அல்லவா தெரியும்! அன்று இரவு முழுக்க அவள் தலையணை நனைந்தது. காரணம் கேட்டதற்கு, கண் எரிகிறது என்றாள். அவர் பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடினார்.

இந்த முறை தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள் என்று குறித்துக்கொண்டு, சக்கர நாற்காலி வேண்டுமா, வண்டி வேண்டுமா என்று கேட்டாள். ரொட்டியக்காவிடம், "மெஷின்ல புள்ளி எழுத்து இருக்கும். தடவிப் படிப்பீங்களாம்மா?" என்றாள்.

"கத்துக்கலையே தாயி."

"அப்ப துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. பெரியவங்களா இருந்தாப் போதும், யாரா இருந்தாலும் உங்க இஷ்டம். வீட்டுக்காரர்தானே வருவார்?"

யாரா இருந்தாலும் உங்க இஷ்டம். அந்த வார்த்தை ரொட்டியக்காவின் காதில் தேனாகப் பாய்ந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

பேக்கரி மேசையில் நின்றபடி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். தங்கை? உள்ளே நின்று புத்தி சொல்லுவாள். முதலாளி? மரியாதைக்கு மண்டையை ஆட்டிவிட்டு, அவளுக்கு எது நல்லதென்று தோன்றுகிறதோ அதை அமுக்குவார். அவள்மேல் பிரியம் உள்ளவர்கள் எல்லோருமே அவள் வார்த்தையைத் திருத்துகிறவர்கள். அப்படியானால் பிரியமே இல்லாத ஆள் வேண்டும்.

அப்படி ஒருத்தி கீழ் வீட்டிலேயே இருந்தாள். முட்டைக்கடைக்காரி. அவள் குரலுக்குத் தெரு வைத்த பெயர் சைரன். பொதுப் படிக்கட்டில் அடுக்கியிருந்த முட்டைத் தட்டுகளில் ஒருநாள் ரொட்டியக்கா கால் வைத்துவிட்டாள். படியெல்லாம் மஞ்சள் கரு. "கண்ணு தெரியலைன்னா காலால துழாவிட்டு வரணும்! என் பொழப்புல ஏறி நடப்பியா?" என்று சைரன் ஊதிய ஊதலில் தெருமுனை நாய் எழுந்து ஓடியது. "நடக்கிற வழியில கடை விரிச்சது யாரு?" என்று ரொட்டியக்காவும் விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஒன்று. பார்வை போன பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தாமல் பேசிய ஒரே ஆள் சைரன்தான்.

கைப்பிடியைத் தடவிக்கொண்டு கீழே இறங்கி, முட்டைக்கடை வாசலில் நின்றாள் ரொட்டியக்கா.

"யாரு? நீயா? வழி தவறிட்டியா?"

"இல்லக்கா. ஓட்டுப் போட எனக்குத் துணைக்கு வரணும்."

கையிலிருந்த முட்டையைச் சைரன் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"உன் புருஷன் என்ன ஆனாரு?"

"நல்லா இருக்காரு. நீதான் வரணும்."

"ஏன், நான் உனக்கு அவ்வளவு இளிச்சவாயா?"

"உனக்கு என் மேல பிரியம் கிடையாதுக்கா. நான் நல்லா இருக்கணும்னு நீ நினைக்க மாட்டே. அதான்."

சைரனுக்குத் திட்டு வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவை. கடைசியில், "கடையை யார் பாத்துக்கிறது? சீக்கிரம் முடிச்சு விடணும், சொல்லிட்டேன்" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் டிரைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் உனக்கு என்னம்மா குறை வச்சேன்?" என்ற அந்தக் குரலில் ஆண்மகனின் அழுகை ஒளிந்திருந்தது. அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் அவர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் அவள் உடைந்துபோவாள். இரண்டுக்கும் நடுவில் தலையை வாரிப் பின்னிக்கொண்டு கிளம்பினாள்.

சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. காவலுக்கு நின்றவர், "நீங்க வரிசையில நிக்க வேண்டாம்மா, நேரா போங்க" என்று வழிவிட்டார்.

"அட, இதுக்காகவே தினம் உன்கூட வரலாம் போலிருக்கே" என்றாள் சைரன்.

உள்ளே அதிகாரி கேட்டார்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"பகையாளிங்க."

அதிகாரியின் பேனா நின்றது. சைரன் முந்திக்கொண்டு, "கீழ் வீட்டுக்காரின்னு எழுதுங்க சார், போதும்" என்றாள். உள்ளே பார்ப்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்தும் போட்டாள்.

மறைப்புக்குள் சைரனின் குரல் ஊசி நூல் போல மெலிந்தது. மேலிருந்து கீழாக எல்லாப் பேரையும் படித்தாள். "யாருக்கு?"

ரொட்டியக்கா அவள் காதில் சொன்னாள்.

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "இவனுக்கா? போயும் போயும் இவனுக்கா?"

ரொட்டியக்கா மறைப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டாள். இவளுமா? கடைசியில் இவளுக்கும் என் நல்லதில் அக்கறை வந்துவிட்டதா? 'பீப்' எந்த நொடியில் வருமோ என்று உடம்பெல்லாம் காதாக நின்றாள்.

வரவில்லை. முரட்டுக் கை ஒன்று அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, சில்லென்ற ஒரு பட்டன்மேல் வைத்தது.

"இதான் அவன். நீயே அமுக்கு. நான் அமுக்கினா நாளைக்குப் பழியை என் தலையில போடுவே. எனக்கெதுக்கு வம்பு?"

தன் விரல்! இதை அவள் கேட்கக்கூட இல்லை. அமுக்கினாள். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பால் போன்ற அந்த வெளுப்பு முழுவதும் கண்ணீரில் ஆடியது.

"அழுது தொலைக்காதே. நான் அடிச்சேன்னு நினைப்பாங்க" என்று அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள் சைரன்.

தன் ஓட்டைப் போட்டுவிட்டு டிரைவர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சைரன் கடைக்குப் பறந்த பிறகு ரொட்டியக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, போன தடவை நான் பேரைச் சொல்லவே இல்லைங்க. அதுக்குள்ள அமுக்கிட்டீங்க."

"நீ எப்பவும் அந்த ஆளுக்குத்தானேம்மா..."

"எப்பவும் போட்டேன். அன்னிக்கு மாத்திப் போடலாம்னு வந்தேன்."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். பிறகு அவள் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டியவர், நிறுத்தி, "பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தாள்.

பகை தீர்ந்துவிட்டதென்று நினைத்தால் ஏமாறுவீர்கள். தேர்தல் முடிவு வந்த வாரமே தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்தவில்லை என்பதில் சண்டை மூண்டது. தன் கட்சி தோற்ற எரிச்சல் வேறு சைரனுக்கு. கீழேயிருந்து ஊதினாள்: "உன் அறிவு எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லவா? அன்னிக்கு அந்த மறைப்புக்குள்ள நீ..."

தெரு முழுக்கக் காதைத் தீட்டியது. மாடிப்படியில் நின்ற டிரைவரும்தான்.

"...நீ பூசிட்டு வந்த பவுடர் நாத்தத்துல எனக்குத் தலைவலியே வந்துச்சு, போ!" என்று கத்திவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள்.

ரொட்டியக்கா கைப்பிடியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உள்ள என்னம்மா நடந்துச்சு?" என்றார் டிரைவர். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, சொல்ல வேணாம்" என்றார்.